பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் 5.1

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவருக்கு உலகத்து நிபுணர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: பெட்டியைப் பார்க்காதே, அறையை அள. கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலையை ஆள வந்தவர்களில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ராஜா, தொரை, பிரபு, ஜனாதிபதி என்று ஆள் மாறி ஆள் வந்தார்கள். அவரவர் பிரியத்துக்கு ஒரு செட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். சத்தத்தை முடிந்தமட்டும் கூட்டினார்கள். அறைக்குள் ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு எதைக் கேட்கப் பிடிக்கும் என்று விசாரிக்கும் வழக்கம் எவருக்கும் இருக்கவில்லை. எங்கள் மலையின் சரித்திரத்தை ஒலிபெருக்கி வாங்கிய கணக்காகவே எழுதிவிடலாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதைவிட அது சட்டென்று விளங்கும்.

ராஜா செட்

கண்டியின் கடைசி நான்கு ராஜாக்களும் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. 1739இல் முதலாமவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் சிம்மாசனம் ஏறினார். முந்திய ராஜா நரேந்திரசிங்கனின் மச்சான் என்பது அவருடைய தகுதி. எட்டு வருடம் கழித்து அவருடைய மச்சான் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஏறினார். மச்சானுக்கு வேலை வாங்கிக் கொடுப்பது இந்த நாட்டில் நேற்றுத் தொடங்கிய பழக்கம் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கீர்த்தி ஸ்ரீ நல்ல ரசிகர். 1753இல் சியாமிலிருந்து பிக்குமார் வந்தார்கள். கண்டிப் பெரஹரா தேவர்களுக்கு மட்டும் நடப்பதைப் பார்த்து, புத்தருக்கு இதில் இடமில்லையா என்று அவர்கள் வருத்தப்பட்டதாகவும், ராஜா உடனே புனித தந்தத்தை ஊர்வலத்தின் தலைப்பில் சேர்த்ததாகவும் சொல்வார்கள். அன்றுமுதல் இன்றுவரை எசல பெரஹரா அந்த வரிசையில்தான் போகிறது. முன்னால் சவுக்கடிக்காரர்கள் வருவார்கள். படார் படார் என்று அவர்கள் வெடிக்கும் அடியில் தெரு வாயை மூடும். பிறகு கெட்டபெர, தவுல், தம்மட்டம், ஹொரணை. சத்தம் இடப்பக்கமாக வந்து, நெஞ்சுக்கு நேரே நின்று அதிர்ந்து, வலப்பக்கமாகப் போய், தெருமுனை திரும்பிப் பின்மண்டையில் கேட்கும். டொல்பி கம்பெனிக்காரர்கள் இருநூறு வருடம் கழித்துக் காப்புரிமை எடுத்த காரியத்தை, யானையும் வேட்டியும் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாமல் நடத்திக் காட்டிய பெருமை ஒரு மதுரை மாப்பிள்ளைக்கு உரியது.

கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனுக்குக் காதைவிடக் கண்ணில் நாட்டம். தேவேந்திர மூலாச்சாரியைக் கொண்டு எட்டுப்பட்டை மாடம் ஒன்று கட்டினார். வயலை வெட்டி வாவியாக்கினார். வெட்டியது ராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் பிடித்துவந்த சனம். 1812 அளவில் வேலை முடிந்தது. மாடத்தில் சாய்ந்து வாவியைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்குக் கிடைத்தது மூன்றே வருடம். 1815 மார்ச் 2ஆம் திகதி, அவருடைய பிரதானிகளே வெள்ளைக்காரனோடு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ராஜாவைத் துரத்தும் காகிதத்தில் ராஜா வீட்டு மொழியில் ஒப்பமிடும் மரியாதை கண்டியாருக்கே வரும். ராஜா வேலூர்க் கோட்டைக்குப் போனார், 1832இல் அங்கேயே கண்ணை மூடினார். பெரஹரா மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

தொரை செட்

அடுத்த வாடிக்கையாளர் வெள்ளைக்காரர். அவருக்குச் சங்கீதம் வேண்டாம், கோப்பி வேண்டும். 1823இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர், ஹந்தானைக்குப் பக்கத்திலே கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் போட்டார். கோப்பிக்கு ஆள் வேண்டும் என்று மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கம் கங்காணிமார் போனார்கள். மன்னாரில் இறங்கி, மாத்தளைக் காட்டு வழியாக நடந்து, சாகாமல் மிச்சமிருந்தவர்கள் மலை ஏறினார்கள். மதுரையிலிருந்து வந்த நாலு பேருக்குக் கிரீடம் கிடைத்த அதே மலைநாட்டில், அதே மதுரையிலிருந்து வந்த மற்றவர்களுக்குக் கூடை கிடைத்தது. இவர்களுக்கு அரண்மனையில் மச்சான்மார் இல்லை.

1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியைத் தின்றது. ஜேம்ஸ் டெய்லர் அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு வைத்திருந்தார். ஹந்தானையும் முதல் தலைமுறைத் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றாகியது.

தொரை செட்டில் ஒரே ஒரு நிகழ்ச்சி. விடிகாலை இருட்டில் தப்பு முழங்கும், கொம்பு ஊதும். எழும்பி, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். நிறுத்தும் பொத்தான் பங்களாவில் இருந்தது. ஆனால் அந்தத் தப்பை அடித்தவன் எங்களாள். காலையில் தொரைக்காக அடித்ததை மாசி மாதம் வந்தால் தனக்காக அடித்தான். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று ராத்திரி முழுக்க ஆட்டம். மன்மதன் எரிந்து ரதி அழும்போது மலையின் இரண்டு பக்கமும் சேர்ந்து அழுததில் எதிரொலிக்குத் தனி ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் அமைப்பும் இங்கே கவனிக்கத் தக்கது. ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. பழைய லயங்களில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். இடைச்சுவர் கூரையைத் தொடாது, பாதியில் நின்றுவிடும். செங்கல்லை மிச்சம் பிடிக்கத் தொரைமார் செய்த இந்த ஏற்பாட்டால் சுற்றொலி எங்கள் வீட்டுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. இடப்பக்கம் மாமியார் மருமகள் வழக்கு, வலப்பக்கம் பிள்ளையின் இருமல், பின்னால் கணக்கப்பிள்ளையைப் பற்றிய வசவு, மேலே தகரத்தில் மழை. கூரையிலிருந்து சத்தம் இறங்கும் வித்தைக்கு அட்மோஸ் என்று பெயரிட்டு டொல்பி வெளியிட்டது 2012இல். நாங்கள் அதைத் தாங்காமல் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தது அதற்கு நூறு வருடம் முன்பே.

கவர்னருக்கோ தனி வசதி. இலங்கையில் முதன்முதலாகச் சினிமா காட்டப்பட்டது 1901இல். கவர்னர் வெஸ்ட் ரிட்ஜ்வேக்கும், தென்னாபிரிக்காவில் பிடித்து இங்கே கொண்டுவந்து அடைத்திருந்த போயர் யுத்தக் கைதிகளுக்கும் நடந்த தனிக்காட்சி அது. எழுந்து போக முடியாத ரசிகர்களை வைத்துக்கொண்டு படம் போடுவதில் உள்ள சுகத்தை அரசாங்கம் அன்றே கண்டுகொண்டது.

பிறகு 1925 வந்தது. அந்த ஒரே வருடத்தில் மூன்று காரியம் நடந்தது. ஹந்தானையில் இஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, கட்டினார்கள். இன்று தேயிலை நூதனசாலையாக வெளிநாட்டார் படியேறிப் பார்ப்பது அந்தக் கட்டடத்தைத்தான். டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி தொடங்கியது. அதற்கு முந்திய பரிசோதனைகளை நடத்திய எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தி இலாகாப் பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியின் சாமான்களைக் கழற்றி ஒலிபரப்பி செய்தவர். மூன்றாவதாக, அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இருவர் சுருள் அசைந்து ஒலியெழுப்பும் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைக்குக் கண்டிக் கடையில் நீங்கள் தட்டிப் பார்க்கும் ஸ்பீக்கரும் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. மூன்றில் ஹந்தானைச் சனத்துக்குப் பங்காக வந்தது இஸ்டோரின் ரோலர் இரைச்சல்.

லாட் செட்

1944 ஏப்ரலில் லாட் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். ஜப்பானியர் பர்மாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனவே பேராதனைப் பூந்தோட்டத்தில் ஓர்க்கிட் பூக்களுக்கு நடுவே தலைமையகம் அமைப்பது யுத்த தந்திரம் ஆயிற்று. பிரபுவின் வாசம் கண்டி ராஜமாளிகையில்.

இவர் சினிமாப் பைத்தியம். 1922இல் தேனிலவுக்கு ஹொலிவூட் போனபோது சார்ளி சாப்ளின் இவரையும் புது மனைவியையும் நடிக்க வைத்து ஒரு குறும்படமே எடுத்துக் கொடுத்தார். கப்பல் கப்பலாக மாலுமிகளுக்குப் படம் காட்டுவதற்கென்று 1939இல் கடற்படைத் திரைப்படக் கழகம் ஏற்படுத்தியவரும் இவரே. இந்த மலையடிவாரத்தில் குடியிருந்தவர்களில் ஹோம் தியேட்டருக்கு முழுத் தகுதி பெற்றிருந்த முதல் ஆள் என்று இவரைத் தயங்காமல் சொல்லலாம். வீடு இருந்தது, மின்சாரம் இருந்தது, கட்டணம் கட்ட ஒரு சாம்ராஜ்யம் இருந்தது.

சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காகக் கொழும்பில் ரேடியோ சியாக் என்ற நிலையம் இயங்கியது. சண்டை முடிந்து வெள்ளைக்காரர் மூட்டை கட்டியபோது அதன் பிரமாண்டமான ஒலிபரப்பி இலங்கைக்கு மிஞ்சியது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு பாரத தேசத்தின் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஒதுக்கினார். கெட்டுப்போக விரும்பிய இந்தியர் அத்தனை பேரும் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனமும், பின்னால் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டுத் திண்ணைகளில் அரசாண்டது இப்படித்தான். ஜப்பானியனை ஜெயிக்கும் படைக்காக வந்த இயந்திரம், ஒரு கதர்ச்சட்டை அமைச்சரை ஜெயித்து வைத்தது.

சிங்களத்தின் முதல் பேசும்படம் 'கடவுனு பொரொந்துவ' 1947இல் வெளிவந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், எடுத்த ஸ்டூடியோ மதுரையில். ராஜாவுக்கு அடுத்தபடி படமும் மதுரையிலிருந்தே வந்தது. படத்தை யாரும் நீ எந்த நாடு என்று கேட்கவில்லை. அடுத்த வருடம், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் எண் 18 வந்து, மதுரைப் பக்கத்திலிருந்து நூறு வருடம் முன்பு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை அதே கேள்வி கேட்டது. பதில் சொல்லக் காகிதம் இல்லாத இலட்சக்கணக்கானோரின் சத்தத்தை ஒரே பொத்தானில் நிறுத்தியது.

நிறுத்தியது போதாதென்று 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டுப் பேலன்ஸ் குமிழைத் திருப்பினார்கள். இந்தியப் பக்கம் 525,000 பேர், இலங்கைப் பக்கம் 300,000 பேர், எந்தப் பக்கமும் சேராமல் 150,000 பேர். பத்து வருடம் கழித்து இந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். ஸ்டீரியோவைக் கண்டுபிடித்த ஆங்கிலேயர் அலன் புளும்லைன் 1931இல் விண்ணப்பித்த காப்புரிமையில்கூட இடம், வலம் இவ்வளவு துல்லியமாகப் பிரிந்திருக்குமா என்பது சந்தேகம். அண்ணன் இடது ஸ்பீக்கரிலும் தம்பி வலது ஸ்பீக்கரிலும் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு.

மலையின் மறுபக்க அடிவாரத்தில் 1952இலிருந்து பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே சரிவில் பள்ளமாக ஒரு திறந்தவெளி அரங்கு. சரத்சந்திரவின் சிங்கள நாடகங்கள் 'மனமே', 'சிங்கபாகு' ஆடிய இடம். அதே பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை மேடைக்குச் செப்பனிட்டார். படித்தவர்கள் அதற்குக் கலை மறுமலர்ச்சி என்று பெயர் வைத்துப் பட்டம் வாங்கினார்கள். மலைக்கு இந்தப் பக்கம் காமன் கூத்து ஆடியவருக்கு மறுநாள் பெரட்டுக்குப் பிந்தியதற்காக அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், விழுந்தது. 1969இல் 'ஹந்தானே கதாவ' என்ற சிங்களப் படமும் வந்து, ஹந்தானை என்றால் காதல் என்று ஊருக்கெல்லாம் நிச்சயமாகிவிட்டது. கொழுந்துக் கூடை சுமந்து ஏறிப் பார்த்தவர்கள் இந்தக் கருத்துக் கணிப்பில் சேர்க்கப்படவில்லை.

ரி.வி. செட்

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். தொலைக்காட்சி தொடங்கியது, ஜூனில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. திறந்த பொருளாதாரம் மூடிய பெட்டிக்குப் பொருந்தாது போலும். 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய அரசாங்கத்தின் நன்கொடையில் ரூபவாஹினி வந்தது. ஜப்பானியனை அடிக்க வந்தவன் வானொலியை விட்டுப் போனான், அடி வாங்கிய ஜப்பானியன் தொலைக்காட்சியைத் தந்தான். இரண்டு எதிரிகளிடமும் சாமான் வாங்கிய நாடு என்ற முறையில் நம் ராஜதந்திரத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. ஹந்தானை உச்சியிலும் ஒளிபரப்புக் கோபுரங்கள் ஏறின. ஊருக்கெல்லாம் படம் அனுப்பும் மலை, தன் மடியில் இருந்த லயங்களுக்கு மின்சாரம் அனுப்ப மறந்தது.

1983 ஜூலையில் கண்டியிலும் கடைகள் எரிந்தன. அந்த அத்தியாயத்தைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்குத் தெரியாது, தாண்டிப் போகிறேன்.

மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது ரேடியோ கசெட்டும், ரி.வி.யும், வீடியோ டெக்கும் வந்தன. ஹந்தானைக்கு வந்த செட்டுகளில் இங்கிருந்து போன ஒருத்தி தன் காசில் தேர்ந்தெடுத்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் அதைத் தனியாக வைத்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. சடங்கு வீடா, திருவிழாவா, ரி.வி.யும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வரும். பெட்டியைத் திண்ணையில் வைத்து, பாயை முற்றத்தில் விரித்து, விடியவிடிய மூன்று படம். முதல் படம் எம்.ஜி.ஆர்., பெரியவர்களுக்காக. இரண்டாவது ரஜினி. மூன்றாவது படத்தை ஜெனரேட்டர் மட்டும் முழித்திருந்து பார்க்கும்.

நம்ம செட்

இப்போது விஷயத்துக்கு வருவோம். லயத்துக்கு மின்சாரம் வந்தாயிற்று, பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள், தீபாவளிக்கு 5.1 செட் வாங்க மாமா கண்டி டவுனுக்கு இறங்குகிறார். ராஜாவும் தொரையும் லாடும் செய்த தெரிவை இப்போது நம்மாள் செய்யப் போகிறார். கடைக்காரருக்கு இந்தச் சரித்திர முக்கியத்துவம் தெரியாது.

"இத எடுங்கண்ணே. பன்னெண்டாயிரம் வாட்!"

"ஏன் தம்பி, எங்க வீட்டுப் பிளக்கு அஞ்சு அம்பியர்தானே?"

"அதெல்லாம் பிரச்சின இல்லண்ணே."

பிரச்சினை உண்டு. 230 வோல்ட், 5 அம்பியர். பெருக்கினால் 1,150 வாட். சுவரிலிருந்து வருவதே அவ்வளவுதான். பெட்டிக்குள் போய் அது பன்னிரண்டாயிரம் ஆகிறதென்றால், லக்ஷபான நீர்மின் நிலையத்தை மூடிவிட்டு அந்தப் பெட்டியை இலங்கை மின்சார சபையிடம் ஒப்படைக்க வேண்டும். அட்டையில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் எண், கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டலாம் என்று விற்பனைக்காரர் ஆசைப்படும் எண். கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட். பல பெட்டிகளில் அதை அட்டையின் அடிப்பக்கம் எறும்பெழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி கொண்டு போங்கள்.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். அந்தப் புள்ளி ஒன்று 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலுக்கு. முன்னால் இடமும் வலமும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகை தள்ளி, பின்னவை இரண்டும் 100 முதல் 120 பாகையில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில். இப்படி வைத்தால்தான் கேட்க வேண்டியபடி கேட்கும் என்பது விதி. பத்துக்குப் பன்னிரண்டில் கட்டில், அலுமாரி, சாமித்தட்டு, அரிசி வாளி எல்லாம் போக மிஞ்சிய இடத்தில் பாகைமானியை வைத்துப் பாருங்கள். பின் ஸ்பீக்கர் அடுத்த காம்பராவில் நிற்கும்.

சப்வூஃபர் கதை இன்னும் மோசம். ஒவ்வொரு அறைக்கும் தன் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஏற்ற உறுமல் உண்டு. பன்னிரண்டடிக்கு ஏறக்குறைய 47 ஹேர்ட்ஸ், பத்தடிக்கு 56. சப்வூஃபர் வேலை செய்யும் இடமும் அதே இடம். மூலையில் வைத்தால் இரண்டும் சேர்ந்துகொண்டு, கதாநாயகன் சொல்வது எதுவும் கேட்காமல், கும் கும் என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். அது நமக்கு மட்டுமல்ல, பொதுச்சுவரின் மறுபக்கம் நாளைக்கு ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் கேட்கும். ரே டொல்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தவர். லண்டன் திரும்பிக் கம்பெனி தொடங்கி அவர் செய்த முதல் சாதனம் இரைச்சலைக் குறைப்பது. ஒரு எட்டுப் பாக்குநீரிணையைத் தாண்டி வந்து லயத்தில் ஒரு ராத்திரி படுத்திருந்தால், இது நம்மால் ஆகாது என்று தொழிலையே விட்டிருப்பார்.

இன்னொன்று. ஸ்பீக்கரைச் சுவரில் மாட்ட ஆணி அடிக்க வேண்டும். சுவர் யாருடையது? கோப்பிக் காலத்தில் தொரையுடையது, பிறகு கம்பெனியுடையது, 1975இல் அரசாங்கம் எடுத்தது, 1992இல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனபோதும் ஹந்தானை அரசாங்கத்தின் ஜனவசமவிடம் தங்கியது. இத்தனை கை மாறியும் உள்ளே குடியிருக்கிறவர் கைக்கு மட்டும் அது வரவில்லை. 2003இல் மீதியாயிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் நல்ல ஒலித்தரத்தில் கேட்கிறது.

ஆகவே மாமாவுக்கும், மாமாவைப் போல டவுனுக்கு இறங்கும் எல்லோருக்கும் என் தீர்ப்பு இது. லயக் காம்பராவுக்கு நல்ல ஸ்பீக்கர் இரண்டு, அல்லது ரி.வி.க்குக் கீழே ஒரு சவுண்ட்பார் போதும். பின்பக்கச் சத்தத்தைப் பக்கத்து வீட்டார் இலவசமாகத் தருவார்கள். சப்வூஃபர் இருந்தே ஆக வேண்டுமென்றால் பொதுச்சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், ஒன்பது மணிக்கு நிறுத்துங்கள். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், அன்டனா வயரையும் சேர்த்து. பி.எம்.பி.ஓ. என்று சொல்லும் கடைக்காரருக்கும், 7 பேர்ச்சஸ் என்று சொல்லும் வேட்பாளருக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்? காணி உறுதி உங்கள் பெயருக்கு வந்த அன்று 5.1 என்ன, 7.1 வாங்கி, சுவர் முழுக்க ஆணி அடியுங்கள்.